குரலுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

என் அத்தைக்கு 73 வயது. கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். விடிந்ததும் அடுப்படி மேடையில் ரேடியோ பாடும். சமையல் முடிந்த பிறகு கூடத்தில் டிவி. பொங்கலுக்குப் போயிருந்தபோது அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்தேன். "டிவி டாக்டரு சூரணம் அனுப்பியிருக்காருப்பா. ஒரு மண்டலம் சாப்பிட்டா மாத்திரையே வேண்டாம்னுட்டாரு" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், அவருக்குப் பின்னால் தடித்த புத்தகங்கள், எதிரே தலையாட்டியபடி கேள்வி கேட்கும் ஒரு பெண், ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசி அழைப்புகள். அழைத்தவர்கள் எல்லோருமே குணமானவர்கள். திரையின் மூலையில், ஓடிக்கொண்டிருந்த தொலைபேசி எண் பாதி மறைக்க, பொடி எழுத்தில் இரண்டு சொற்கள்: விளம்பரதாரர் நிகழ்ச்சி. எழுந்து கிட்டப் போய்ப் படித்துச் சொன்னேன். அத்தை ஏற்கவில்லை. "விளம்பரம்னா நடுவுல பாட்டோட வரும், போயிடும். இது ப்ரோகிராம்தானேப்பா?" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மருத்துவர் கடிந்துகொண்டதும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். அத்தை பழைய எஸ்.எஸ்.எல்.சி.; கணக்கு வழக்கில் ஒருவரும் அவரை ஏய்க்க முடியாது. ஐம்பது வருடம் வானொலி கேட்ட காது அவருடையது. நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் காதுக்குப் பழக்கம். இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு இருந்தது. அதை யாரோ வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.

வரப்பைத் திரும்பப் போடுவது யார் பொறுப்பு? அரசா, சேனலா, மருந்து விற்கிறவரா, கேட்கிற நாமா? ஆளுக்கு ஒரு கை மண் போடாமல் அது நிமிராது என்றே நினைக்கிறேன்.

ஒலிபரப்பு பிறந்த நாளிலிருந்தே இருக்கிற கேள்வி, பேசுகிறவருக்குக் கூலி யார் தருவது என்பதுதான். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். காற்றில் வருவதற்கு யாரிடம் வசூலிப்பது? சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்று அமைத்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர்கள் கூடி நடத்திய சங்கம் அது. 1927-ல் பணம் இல்லாமல் நின்றுபோனது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 முதல் மாநகராட்சி தன் பொறுப்பில் ஒலிபரப்பை நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர்கள் கச்சேரியும் கேட்டுவிட்டு வந்தார்கள். 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன. அதன்பின் 1980-களின் நடுப்பகுதி வரை, ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் வருடந்தோறும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டினார்கள். குரலுக்கு நேயரே கூலி கொடுத்த காலம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. நியூயார்க்கில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் நடத்திய டபிள்யூ.இ.ஏ.எஃப். என்ற நிலையம், தொலைபேசிக்கு வாங்குவதுபோல நேரத்துக்குக் கட்டணம் என்று அறிவித்தது. 1922 ஆகஸ்ட் 28 அன்று குவீன்ஸ்பரோ என்ற வீட்டுமனை நிறுவனம் 50 டாலர் கட்டிப் பத்து நிமிடம் பேசியது. விற்க வேண்டியது ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் கட்டிய அடுக்குமாடி வீடுகள். ஆனால் பேச்சு தொடங்கியது நதானியேல் ஹாதார்ன் என்ற நாவலாசிரியரிடமிருந்து. குடியிருப்புக்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள். அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகின்றன, அவர் போற்றிய இயற்கையோடு இயைந்த வாழ்வு எங்கே, நாம் நெரிசலில் அடைபட்டுக் கிடக்கும் வாழ்வு எங்கே என்று வளர்ந்து, கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பேச்சு. வானொலி வரலாற்றில் முதல் விளம்பரமாகச் சொல்லப்படுவது இலக்கியச் சொற்பொழிவு வேடத்தில்தான் வந்தது. அத்தை பார்த்த டாக்டர் நிகழ்ச்சியின் கொள்ளுப்பாட்டன் அது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926 கிறிஸ்துமஸ் முன்னிரவில் மினியாபொலிஸ் நகர வானொலியில் வீட்டீஸ் என்ற காலை உணவுக்கு நான்கு பேர் பாட்டுப் பாடினார்கள், ஜிங்கிள் பிறந்தது. 1933-ல் ஆக்சிடால் சலவைத்தூளின் காசில் 'மா பெர்கின்ஸ்' என்ற தொடர் நாடகம் வந்தது. சோப்புக்காரர்கள் கூலி கொடுத்த நாடகங்களுக்கு 'சோப் ஓபரா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நம் வீட்டு மெகா தொடர்கள்வரை நீளும் வம்சாவளி அது.

இதே அமெரிக்காவில் நடந்த இன்னொரு காரியத்தை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1937-ல் நியூயார்க்கில் பிரசார ஆய்வுக்கான ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு பேச்சு நம்மை எப்படி வசப்படுத்துகிறது என்று அது ஏழு உத்திகளாக வகுத்து, பள்ளிக்கூடங்களுக்குப் பாடமாகக் கொடுத்தது. எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய் என்று இழுப்பது ஓர் உத்தி. நானும் உன்னைப்போல எளியவன் என்று தோளில் கைபோடுவது ஒன்று. பெயர்பெற்றவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒன்று. தனக்குச் சாதகமானதை மட்டும் அடுக்கிக்காட்டி மற்றதை மறைப்பது ஒன்று. அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவர் எட்வர்டு ஃபைலீன். பாஸ்டனில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர். விளம்பரத்தின் பலத்தை வாழ்நாளெல்லாம் பார்த்த வியாபாரி. விற்கத் தெரிந்தவரே, விற்பனைப் பேச்சை எடைபோட மக்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பணம் போட்டார். போர் மூண்டதும் 1942-ல் நிறுவனம் மூடப்பட்டது. ஆனாலும் இன்று ஊடக அறிவு என்று உலகெங்கும் சொல்லிக்கொடுப்பதில் பாதி அங்கே விதைத்தது.

நம் பக்கம் வருவோம். தமிழ் நேயருக்கு விளம்பரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொழும்புதான். இரண்டாம் உலகப் போரின்போது கூட்டுப்படைத் தலைமையகம் இலங்கையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி, போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது. இரண்டே ஆண்டில் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதற்குக் கதவை அடைத்தார். நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள். பின்னாலேயே விளம்பரதாரர்களும் போனார்கள். இந்தியில் 1952-ல் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' ஒரு பற்பசையின் பெயரைச் சுமந்தே நாற்பது ஆண்டுபோல் ஓடியது. பற்பசை 'சிபாக்கா' என்று பெயர் மாறியபோது நிகழ்ச்சியின் பெயரும் கூடவே மாறியது. கூலி கொடுத்தவர் யார் என்பதை வாசல் பலகையிலேயே எழுதிப்போட்ட நிகழ்ச்சி அது.

தமிழ்ப் பிரிவில் எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தங்கள் உறவினர் குரல்போல அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். சொல் சுத்தம், உச்சரிப்பு, நேயரை மதிக்கும் தோரணை எல்லாம் சேர்ந்து அந்த வானொலிக்கு ஒரு மரியாதையைத் தந்தன. விளம்பரத்தையும் அதே அறிவிப்பாளர்கள் படித்தார்கள். படிக்கும்போது குரலின் சாயல் மாறும், பின்னணியில் இசைத்துணுக்கு வரும். கோபால் பல்பொடி விளம்பரம் கேட்காத வீடு கிடையாது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று அந்த ரோஸ் நிறப் பொடியை ஆதரிக்கும் நாடுகளை வரிசையாகச் சொல்லும். எல்லோரும் வாங்குகிறார்கள் என்ற அதே உத்திதான். இருந்தாலும் அது விளம்பரம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகள் அதைச் சொல்லிக்காட்டி விளையாடினார்கள்.

கொழும்பின் வருமானத்தைப் பார்த்த டெல்லி, 1957-ல் விவித பாரதியைத் தொடங்கியது. 1967 நவம்பரில் பம்பாய் வட்டாரத்தில் விளம்பரத்தை அனுமதித்தது. விரைவிலேயே தமிழ் நிலையங்களும் சேர்ந்தன. அந்த அலைவரிசையைத் திருப்பினால் அறிவிப்பே 'வர்த்தக ஒலிபரப்பு' என்றுதான் சொல்லும். இது கடை, வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற நேர்மை அதில் இருந்தது. 1980-களில் 'ஹார்லிக்ஸ் சுசித்ராவின் குடும்பம்' நாடகத்தைக் குடும்பமே உட்கார்ந்து கேட்டது. காசு யாருடையது என்பது தலைப்பிலேயே இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. மாவுப் பானங்களை ஆரோக்கிய பானம் என்று எத்தனை பத்தாண்டுகள் நம்பினோம்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை, ஆகவே அந்தத் தலைப்பின்கீழ் எந்தப் பானத்தையும் பட்டியலிட வேண்டாம் என்று இணைய அங்காடிகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது 2024 ஏப்ரலில்தான்.

வானொலியின்மேல் மக்கள் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி ஒரு நெல். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய குறுவை ரகம் தஞ்சை வயல்களுக்கு வந்தது. எப்போது விதைப்பது, நாற்றங்காலுக்கு என்ன போடுவது, பயிர் எப்போது தண்ணீர் கேட்கும் என்பதையெல்லாம் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு விவசாயிகளுக்கு அவர்கள் பேச்சிலேயே சொன்னது. ஆடுதுறை 27 என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்லு' என்றே கேட்டு வாங்கினார்கள். பிராண்டு என்று இன்று கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்குவதை, மக்கள் தாங்களாகவே ஒரு நெல்லுக்குச் சூட்டினார்கள். காரணம், அந்தக் குரல் யாருக்காகப் பேசுகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஊரார் கூடிப் போட்டு வைத்த வைப்புநிதி அந்த நம்பிக்கை. பின்னால் வந்த ஒவ்வொரு விளம்பரமும் அந்த நிதியிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது.

விளம்பரத்தின்மேல் எனக்குப் பகை கிடையாது. ரேடியோ கிளப் காசில்லாமல் செத்ததைப் பார்த்தோம். விளம்பரம் இல்லாவிட்டால் கொழும்பு வானொலி தந்த பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது, இன்றைய எஃப்.எம். ஒன்றும் நடக்காது, தெருமுனைக் கடைக்காரருக்குத் தன் சரக்கைச் சொல்ல வழி இருக்காது. லலிதா ஜுவல்லரியின் பெயரைத் தாங்கிய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் எத்தனை பிள்ளைகள் மேடையேறினார்கள்! கூலி வாங்குவது குற்றமில்லை. வாங்கிய கூலியை மறைப்பதுதான் குற்றம்.

இப்போது மறைப்பதே முறையாகிவிட்டது. எஃப்.எம்.மில் ஆர்.ஜே. காலையில் நம்மோடு பேசுகிறார். மழை, டிராஃபிக், அவருடைய தங்கை பிறந்தநாள் என்று போகிற பேச்சு, நேற்று அம்மாவோடு ஒரு நகைக்கடைக்குப் போன கதையில் நுழைகிறது. சேதாரம் எவ்வளவு குறைவு தெரியுமா என்று வியக்கிறார். அடுத்து பாட்டு. போனது உண்மையா, போகச் சொல்லிக் காசு வந்ததா? நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி எழுத்துருவிலேயே ஒரு கல்லூரியின் புகழ். கைபேசியில் சமையல் சொல்லிக்கொடுக்கும் அக்கா, திடீரென்று ஓர் எண்ணெயை மட்டும் பெயர் சொல்லி ஊற்றுகிறார். இப்போது இயந்திரம் யாருடைய குரலையும் பேசுகிறது; நமக்குத் தெரிந்த பெரிய மனிதரின் குரலில் வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சிபாரிசை அவர் பேசவே இல்லாமல் இருக்கலாம்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. நீரிழிவு உள்ளிட்ட ஒரு நீண்ட நோய்ப் பட்டியலைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அத்தை பார்த்த நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது குற்றம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம்வரை. சிபாரிசு செய்த பிரபலத்தை ஓராண்டும், மறுபடி தவறினால் மூன்றாண்டும் எந்த விளம்பரத்திலும் தோன்றவிடாமல் தடுக்கலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் நுணுக்கமானவை. விற்பவருக்கும் சிபாரிசு செய்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். ஆதாயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, நிபந்தனையைக் குதிரை வேகத்தில் ஓட்டுவதும் கூடாது. காகிதத்தில் வரப்பு இருக்கிறது. வயலில்தான் இல்லை.

அதை வயலில் போடும் வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் நிலையங்கள்தான். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. குளத்தை ஏலம் எடுத்தவர் மீன் பிடிக்கலாம். தண்ணீரில் நஞ்சு கலந்தால் ஊர் கேட்கும். எஃப்.எம். உரிமம் எடுத்தவர்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். காசு வாங்கிப் பேசும் பேச்சுக்கு முன்னும் பின்னும் 'விளம்பரம்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு நொடி ஆகாது. தொலைக்காட்சியில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்பதை என் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கும் அளவில் போட வேண்டும். கண் மங்கியவர்களுக்காக வாயாலும் சொல்ல வேண்டும். ஆர்.ஜே.க்களில் பலர் இருபதுகளில் இருக்கும் திறமையான பிள்ளைகள். எழுதிக் கொடுத்ததைச் சொந்த அனுபவம்போலப் பேசச் சொல்லும்போது, 'விளம்பரம்னு சொல்லிட்டுப் பேசறேன்' என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு வர வேண்டும். அதற்காக அவர்கள் வேலை போகாமல் மூத்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரிகள் சங்கங்கள் நம் ஊர்களில் வலுவானவை. கடையடைப்புக்குக் கூடுகிறவர்கள், பொய் விளம்பரம் செய்பவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் கூடலாம். நேர்மையாகக் கடை நடத்துகிறவரின் வியாபாரத்தைத்தான் புளுகு முதலில் தின்கிறது. ஃபைலீன் வழியில் நடக்கக் கூடிய வியாபாரி தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பார் என்றே நம்புகிறேன்.

குடும்பத்தில் நம் பங்கு சின்னது, ஆனால் தினசரி வேலை. வீட்டுப் பெரியவர்களிடம் 'ஏமாந்துட்டீங்களே' என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். மாத்திரையை நிறுத்தியது நமக்குத் தெரியவே வராது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அத்தைக்காக நான்தான் அழைத்தேன், அத்தையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டார். நாம் புகார் செய்யாத ஒவ்வொரு விளம்பரமும் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

பள்ளிக்கூடத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அங்கேதான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஊடகக் கல்வியைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று யுனெஸ்கோ 1982-லேயே கிரன்வால்டு பிரகடனத்தில் வலியுறுத்தியது. பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சில ஆண்டுகளுக்கு முன் 100-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்பு நடத்தியது. புதிய பாடநூலுக்கோ நிதிக்கோ காத்திருக்கத் தேவையில்லை என்பதை, திருவாரூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஓர் ஆசிரியை எனக்குக் காட்டினார்.

மாலையில் ஒரு மணி நேரம் எஃப்.எம். கேட்டு வரச் சொல்லியிருந்தார். கேட்டதை வரிசையாக நோட்டில் எழுத வேண்டும். விளம்பரத்துக்குச் சிவப்பு, நிகழ்ச்சிக்கு நீலம் அடிக்க வேண்டும். நான் போன அன்று நோட்டுகள் மேசைமேல் குவிந்திருந்தன. பெரும்பாலான பிள்ளைகள் ஆர்.ஜே. பேசியதையெல்லாம் நீலமாக அடித்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நடுவே நான்கு வரிகளுக்கு எந்த வண்ணமும் அடிக்கவில்லை. ஆர்.ஜே. அக்கா ஒரு பிரியாணிக் கடையைப் பற்றிப் பேசிய இடம். ஏன் விட்டுவிட்டாய் என்று ஆசிரியை கேட்டார். "அவங்க நெசமாவே போய்ச் சாப்பிட்டாங்களா, சொல்லச் சொல்லிக் காசு குடுத்தாங்களான்னு தெரியல டீச்சர். அவங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

வகுப்பில் சத்தம் கிளம்பியது. சிவப்பு என்று சிலர், நீலம் என்று சிலர். நல்ல பிரியாணியாம், எங்க மாமா சாப்பிட்டிருக்கார் என்று ஒருவன். ஆசிரியை எதையும் தீர்த்துவைக்கவில்லை. பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். முப்பத்தோரு பிள்ளைகளும் சுற்றி நின்று ஆளுக்கொரு சொல் எடுத்துக்கொடுக்க, அவள் எழுதினாள்: மதிப்பிற்குரிய நிலைய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம். நேற்று மாலை 5.20 மணிக்கு உங்கள் வானொலியில் பிரியாணிக் கடை பற்றிப் பேசினீர்கள். அது விளம்பரமா, நிகழ்ச்சியா என்று தெரிவிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

பதில் வரும்வரை அந்த நான்கு வரிகளுக்கும் வண்ணம் அடிப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது.